திரையில் தெரியும் பணம் கைக்கு வருமா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இராஜபாளையத்துப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆத் தொழுகை நிறைவுற்று மக்கள் கலைந்து சென்றபின், நூற்பாலையில் இரவு முறை வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். ஸலாம் கூறிவிட்டுத் தமது கைப்பேசியை எடுத்துக் காட்டினார். திரையில் 46,200 ரூபாய் என்றிருந்தது. பணம் எடுக்கும் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று பொருள்படும் ஆங்கில வாசகம் அதன்கீழ்க் காணப்பட்டது. “ஹஜ்ரத், ஒன்பது நாளாக இப்படியே நிற்கிறது. பணம் வந்துசேர துஆச் செய்யுங்கள்” என்றார்.

எங்கிருந்து வரவேண்டிய பணம் என்று வினவினேன். தயங்கித் தயங்கி, இணையவழிச் சூதாட்டக் கூடம் ஒன்றின் பெயரைச் சொன்னார்.

அவர் ஆடினார் என்பதைவிட அவர் கேட்ட கேள்வியே என்னை அதிகம் வருத்தியது. “இது ஆகுமா?” என்ற கேள்வி இருக்கவேண்டிய இடத்தில் “இது வருமா?” என்ற கேள்வி வந்து அமர்ந்துவிட்டது. அந்த இளைஞரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு திருமண வீட்டில் இதனைக் குறிப்பிட்டபோது, வயதில் மூத்த ஒருவரே, “ஒழுங்காகப் பணம் கொடுக்கும் கூடங்களும் இருக்கின்றனவாமே, ஹஜ்ரத்!” என்றார். கொடுத்தால் நல்ல கூடம், கொடுக்காவிட்டால் கெட்ட கூடம் என்று சூதாட்டத்தைத் தரம் பிரிக்கும் நிலைக்கு நம் சமுதாயம் வந்துவிட்டது.

ஆதலால் இந்தப் பணம் எவ்வாறு வருகிறது, எவ்வாறு வராமற் போகிறது என்பதை விசாரித்து அறிந்தேன். நாங்கள் ஓதிய காலத்து மதரஸாவில் இதற்குப் பாடம் இல்லை. வங்கி ஊழியர் ஒருவரும், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்து வழக்கறிஞர் ஒருவரும் விளக்கினார்கள்.

பணத்தைச் செலுத்துவதற்கு ஒரு நிமிடம் போதும். திரும்பப் பெறுவதற்கோ பல வாயில்களைக் கடக்க வேண்டும். கோரிக்கை விடுத்தவுடன் பணம் புறப்படுவதில்லை. ‘நிலுவை’ என்ற நிலையில் சில மணி நேரமோ சில நாட்களோ வைக்கப்படுகிறது. அந்த இடைவெளியில், கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மீண்டும் ஆடலாம் என்று ஒரு பொத்தான் திரையில் காத்துக்கொண்டே இருக்கும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராதவனின் விரல் எங்கே போகும்? இதன் தீமையை உணர்ந்து பிரிட்டனின் சூதாட்ட ஆணையம், இவ்வாறு கோரிக்கையைத் திரும்பப் பெறும் வசதியை 2021 அக்டோபர் இறுதியிலிருந்து அடியோடு தடை செய்தது. சூதாட்டத்தை அனுமதித்திருக்கும் நாடே இவ்வாறு செய்யவேண்டி வந்தது!

அடுத்த வாயில் அடையாளச் சோதனை. பணம் கட்டும்போது எவரும் கேட்காத ஆதார் அட்டையும் பான் அட்டையும் வங்கிப் புத்தகமும், பணம் கேட்கும்போது கேட்கப்படுகின்றன. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோரிக்கை திரும்பிவிடும். நம்மவர்களின் பெயர்கள் ஓர் அட்டையில் ஒருவிதமாகவும் மற்றோர் அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அதற்கும் மேலானது ‘போனஸ்’ என்னும் கண்ணி. ஆயிரம் ரூபாய் கட்டினால் இன்னும் ஆயிரம் இலவசம் என்பார்கள். அந்த இலவசத் தொகையைப் போல முப்பது மடங்கு பந்தயம் கட்டி முடித்த பின்னரே பணம் எடுக்கலாம் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். முப்பது மடங்கு என்றால் 30,000 ரூபாய்ப் பந்தயம். ஆட்டத்தில் கூடத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்து வீதம் என்று கொண்டால், சராசரிக் கணக்கில் 1,500 ரூபாய் கரைந்துவிடும். கொடுத்த இலவசமோ ஆயிரம்தான்! ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா விற்பவர் தராசில் நிறுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் காசு வாங்குகிறார். அவர் தட்டில் வைத்த பால்கோவாவைப் பார்த்துக்கொண்டிரு, முப்பது தடவை காசு கொடுத்தபின் எடுத்துக்கொள் என்று சொன்னால் அந்தக் கடைப்பக்கம் எவராவது போவாரா?

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, விரைவாகப் பணம் கொடுக்கும் கூடத்தைத் தேடுவோம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. இங்கேதான் மார்க்கத்தின் பார்வையை ஊன்றி நோக்க வேண்டும்.

அறியாமைக் காலத்து அரபிகள் ஆடிய சூதுக்கு ‘மைஸிர்’ என்று பெயர். ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்குண்டு. மூன்று வெறும் அம்புகள். வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையை ஏற்க வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதைப் பெருமையாகக் கருதினர் என்று திருமறை விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். அந்த ஆட்டத்தில் தாமதம் இல்லை. வென்ற பங்கு அங்கேயே கைக்கு வந்தது. ஏழையின் வயிறும் நிறைந்தது. அதில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219ஆவது வசனம் மறுக்கவுமில்லை. ஆயினும் பாவமே பெரிது என்று அறிவித்தது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆவது வசனங்கள் அதை முற்றாக விலக்கின. பகைமை மூளும், இறைநினைவும் தொழுகையும் தடைபடும் என்பனவே அங்கே கூறப்படும் காரணங்கள். வென்றவனுக்குப் பணம் போய்ச் சேராது என்பது அங்கே காரணமாகக் கூறப்படவில்லை. நாணயமாகப் பட்டுவாடா செய்யப்பட்ட சூதுதான் முதலில் ஹராமாக்கப்பட்டது!

பட்டுவாடாவும் ஒழுங்காக இல்லையென்றால் அது இன்னொரு குற்றம். நீருக்குள் இருக்கும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்பது செல்லாது என்பது மார்க்கச் சட்ட வல்லுநர்கள் கண்ட முடிபு. ஒப்படைக்க இயலுமா என்பதே தெரியாத பொருளுக்கு விலை பேசலாகாது. திரையில் நிற்கும் 46,200 ரூபாயும் நீருக்குள் இருக்கும் மீனே.

நாட்டுச் சட்டமும் இன்று தெளிவாகவே இருக்கிறது. 1968இல் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டையும் கண்டு, 2003 ஜனவரியில் எல்லாச் சீட்டுகளும் தடை செய்யப்பட்டதையும் கண்டது இத்தமிழகம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழகச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்து, ஆடுவோருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க வழி செய்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு வங்கிகள் பணப்பரிமாற்றம் செய்வதையே தடுக்கிறது. அப்படியானால் கடல்கடந்த தீவுகளில் பதிவு செய்துகொண்ட கூடங்கள் இங்கே எவ்வாறு பணம் அனுப்புகின்றன? யாரோ ஏழைகளிடம் சில ஆயிரம் கொடுத்து வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகளின் வழியாகத்தான் பெரும்பாலும் அனுப்புகின்றன. அதே கணக்குகளில் மோசடிப் பணமும் ஓடுகிறது. ஒருநாள் காவல்துறை அதைப் பின்தொடர்ந்து வரும்போது, பணம் பெற்றவரின் கணக்கும் முடக்கப்படுகிறது. அந்தக் கணக்கில்தான் அவருடைய ஆலைச் சம்பளமும் விழுகிறது.

அந்த இளைஞரிடம் இன்னொரு செய்தியும் இருந்தது. 5,000 ரூபாய் ‘வரி’ அனுப்பினால் உடனே பணத்தை விடுவிப்பதாக முந்தின இரவு தகவல் வந்திருந்தது. அரசு விதித்த வரி, கொடுக்கும் பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளப்படுவது. முன்கூட்டி அனுப்பச் சொல்லும் வரி என்று ஒன்று கிடையாது. “தம்பி, இனி ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள்” என்றேன்.

“வந்துவிட்டால் அந்தப் பணம் ஆகுமா, ஹஜ்ரத்?” என்று அப்போதுதான் கேட்டார். கேட்டாரே என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். சூதில் வென்றது உரிமையாகாது. உரியவர் தெரிந்தால் அவரிடமும், தெரியாவிட்டால் நன்மையை எதிர்பாராமல் வறியவர்களிடமும் சேர்த்துவிட வேண்டும் என்பதே உலமாக்களின் தீர்ப்பு. தாம் கட்டிய முதல் திரும்பிவந்தால் அது வேறு. வங்கிக் கணக்கைப் பார்த்து இதுவரை கட்டியதைக் கூட்டச் சொன்னேன். எட்டு மாதத்தில் 71,000 ரூபாய்! வென்றதாக எண்ணித் துஆக் கேட்க வந்தவர், முழுத்தொகையும் வந்தாலும் 24,800 ரூபாய் தோற்றவராகவே இருந்தார். அவ்வாறு வருவது அவர் இழந்த முதலின் ஒரு பகுதியே என்பது என் கருத்து. பிறரிடம் மோசடி செய்து பறித்த பணம் அது என்று தெரியவந்தால் அதையும் தொடலாகாது.

அவருக்காகத் துஆச் செய்தேன். அவர் கேட்ட துஆ அன்று.

இவ்வளவும் பேசிவிட்டு ஜமாஅத்துகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பேச்சு பாதிதான். சூது ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். கடனில் சிக்கியவன் வெட்கத்தை விட்டு வந்து பேச ஓர் அறையும், வட்டியில்லாமல் கொடுக்க ஒரு சிறு தொகையும் எத்தனை பள்ளிவாசல்களில் இருக்கின்றன? வண்ணப்பூச்சுக்கும் குளிர்சாதனத்துக்கும் வசூலிக்கும் நம்மால் அதற்கும் வசூலிக்க முடியும். இந்த இளைஞர் கூட்டம் கலையும்வரை காத்திருந்துதான் என்னிடம் வந்தார்; எட்டு மாதமாக வீட்டிலும் சொல்லவில்லை.

எழுந்து போகுமுன் சட்டைப்பையிலிருந்து ஓர் அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அவருடைய தாயாரின் சங்கிலி. 1930 என்ற எண்ணில் புகார் செய்யுமாறு கூறி, அவருடைய அண்ணனை நானே தொலைபேசியில் அழைத்தேன். அந்தச் சீட்டின் நகல் இப்போது ஜமாஅத் செயலாளரிடம் இருக்கிறது; மீட்பதற்கான தொகையில் பாதிக்குமேல் சேர்ந்திருக்கிறது.