வழிந்தால் சொல்ல வேண்டாமா?

‘கம்ப்யூட்டர் தப்பு பண்ணிவிட்டது’ என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அதற்குத் தப்பு பண்ணத் தெரியாது. கட்டத்தின் அகலத்தை முடிவு செய்தவன் மனிதன்.

குறியுள்ள 16 பிட் எண்ணின் உச்சம் 32,767. அதற்குமேல் ஒன்று கூட்டினால் பல மொழிகளில் 32,768 வராது. மைனஸ் 32,768 வரும். பேரேட்டில் பத்தி போதவில்லை என்றால் எந்த எழுத்தரும் மிச்ச இலக்கத்தை விழுங்கிவிட்டு மொத்தம் போடமாட்டார். ஓரத்திலாவது எழுதிவைப்பார். பிரெஞ்சில் இதைத் ‘தெபோர்தமான்’ என்பார்கள், பொங்கி வழிவது. பால் பொங்கினால் தீய்ந்த வாசனையாவது வரும். ஜாவாவில் எண் வழிந்தால் சத்தமே கிடையாது. சுற்றிக்கொண்டு எதிர்முனைக்குப் போய்விடும். சி மொழியில் குறியுள்ள எண் வழிந்தால் என்ன ஆகும் என்று விதியே சொல்வதில்லை. கேட்டால், வேகத்துக்காக என்கிறார்கள். பைத்தான் வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறதே!

“சொன்னால் மட்டும் என்ன பலன்? ஏரியான் 5 என்ன ஆயிற்று?” என்று கேட்பார்கள். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் கூரூ. ஏரியான் 4-க்கு எழுதிய நிரலைப் புது ராக்கெட்டில் ஏற்றினார்கள். இதன் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட்டில் இருந்த மதிப்பு 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. ஆடா மொழி மறைக்காமல் பிழை என்றது. அதைக் கையாள ஏற்பாடு இல்லை, கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல், அதே கதி. கருவி அனுப்பிய பிழைக்குறிப்பை முதன்மைக் கணினி பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. சுமார் 40 நொடியில் சிதறியது. ஏழு மாறிகளில் நான்குக்குத்தான் பாதுகாப்பு இருந்தது என்று ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு கண்டது.

பேசாமல் சுற்றவிட்டிருந்தால் பிழைத்திருக்கலாமே என்பது அடுத்த வாதம். இருக்கலாம். ஏனென்றால் புறப்பட்ட பிறகு அந்தக் கணக்கே ஏரியான் 5-க்குத் தேவையில்லை. தேவையான கணக்காக இருந்தால், பொய் எண்ணை நம்பி அல்லவா பறந்திருக்கும்? சொன்னவன்மேல் குற்றமில்லை. கேட்பதற்கு ஆள் வைக்காதவர்கள்மேல்தான் குற்றம்.

1970-இலிருந்து நொடிகளை எண்ணும் 32 பிட் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி, 1901-க்குத் திரும்பும். நாள் குறித்துவிட்டு வரும் வெள்ளம் இது. அன்றைக்கும் கம்ப்யூட்டர்மேல் பழிபோட்டால், அதைவிட வெட்கக்கேடு வேறில்லை.