வண்டிக்குள் ஒரு சாப்பாட்டு மேசை

‘கேரவன்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சினிமா நட்சத்திரங்களின் ஞாபகம்தான் வருகிறது. படப்பிடிப்பு நடக்கும் தெருவின் ஓரத்தில், ஜன்னல்களையெல்லாம் திரையிட்டு மூடிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரிய வண்டியைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது.

ஆனால் அது இனி நட்சத்திரங்களுக்கு மட்டுமே உரிய வஸ்து அல்ல. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் அடங்கிய வண்டி ஒன்றில் குடும்பத்தோடு ஏறிக்கொண்டு, ராமேசுவரம், கன்னியாகுமரி என்று நினைத்த இடத்துக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசை நடுத்தர வர்க்கத்தையும் தொட்டுவிட்டது. கேரள அரசு 2021-ம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. மறு வருஷம் மகிந்திரா கம்பெனி, நம் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து, பொலீரோ வண்டியிலேயே இத்தகைய வசதிகளை அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஆசை நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட வண்டி ஒன்றில் உட்கார்ந்து, இலையைப் போட்டு, ரசம் சாதம் பிசைந்து சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். படுக்கை நமக்கு ஒத்துவருகிறது, அடுப்பு ஒத்துவருகிறது, மேசை மட்டும் ஒத்துவருவதில்லை. அந்த மேசையைக் கழற்றி வைத்துவிட்டு, தெரிந்த தச்சர் ஒருவரை வண்டிக்குள் அழைத்து, நம் அளவுக்கு ஒன்று செய்துகொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஒரு பலகை விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று வாசகர்கள் நினைக்கலாம். இது பலகை விஷயம் மட்டுமல்ல. வீட்டுப் பெரியவர்கள் நம்மோடு பிரயாணம் வருவார்களா, மாட்டார்களா என்ற விஷயம்.

வண்டி வாசம் புதிதல்ல

வண்டியையே வீடாக்கிக்கொள்வது நமக்கு அந்நியமான பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. பெரியார் தம் தள்ளாத வயதிலும் வேனிலேதான் ஊர் ஊராகச் சென்று பேசினார். பல வருஷ காலம் நம் தியாகராய நகரில் குடியிருந்த என்.டி.ராமராவ், 1982-ல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியபோது, பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்து, ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டு, ஆந்திர தேசம் முழுவதையும் சுற்றி வந்தார். சாப்பாடும் தூக்கமும் பெரும்பாலும் அதிலேதான்.

ஆனால் இன்று கேரவனில் வருகிற மேசையின் பூர்வோத்தரம் வேறு. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. வாலி பையம் என்பவர் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி, 1936-ல் ‘கிளிப்பர்’ என்ற அலுமினிய வண்டியை வெளியிட்டது. காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீடு அது. அதில் நான்கு பேர் தூங்கலாம். அத்தனை சிறிய இடத்தில் நான்கு பேருக்குப் படுக்கை எப்படிக் கிடைத்தது? சாப்பாட்டு மேசையே இரவில் படுக்கையாக மாறியது!

இன்றைக்கும் அதே யுக்திதான். எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். நடுவே ஒரு மேசை. இரவானதும் மேசையின் காலை மடக்கி, பலகையை பெஞ்சு மட்டத்துக்கு இறக்கி, இரண்டு பக்கச் சட்டங்களின் மேல் உட்கார வைத்து, மெத்தையைப் பரப்பிவிட்டால் கட்டில் தயார். யுக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலிருந்து பிறக்கும் கஷ்டம்தான் நம்முடையது.

எட்டாத இலை

பலகை இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே இறங்க வேண்டும். ஆகவே அது அந்த இடைவெளிக்கு மேல் ஒரு விரல்கூட நீள முடியாது. அப்படியானால் மேசையின் ஓரமும் பெஞ்சின் ஓரமும் ஒரே கோட்டில் நிற்கும். பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்காருபவரின் வயிற்றுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்குக் குறையாத பள்ளம் விழும்.

ரொட்டித் துண்டைக் கையில் எடுத்துக் கடிப்பவருக்கும், முள்கரண்டியில் குத்தி வாய்க்குக் கொண்டுபோகிறவருக்கும் அந்தப் பள்ளம் ஒரு பொருட்டல்ல. நாம் சாப்பிடுவது ரசம் சாதம். மோர்க்குழம்பு. பிசைந்த கையிலிருந்து சொட்டுவது எல்லாம் நேரே மடியில்! ரயில் ஜன்னலோரம் இருக்கும் சிறு மேசையைப் போல, தயிர்சாதப் பொட்டலத்தோடும் காபி டம்ளரோடும் நம் கதை முடிந்துவிடுவதில்லை அல்லவா?

வாலிபர்கள் முன்னால் நகர்ந்து, பெஞ்சின் நுனியில் தொற்றிக்கொண்டு சமாளித்துவிடுகிறார்கள். முழங்காலில் வலி உள்ளவர்கள், முதுகுக்குச் சாய்மானம் வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்?

கோபாலபுரத்தில் ஒரு குடும்பம்

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கோபாலபுரத்தில், அவ்வை சண்முகம் சாலைக்கு அருகில் இருக்கிறது. கேரவன் என்றே பதிவாகியிருந்த பழைய வண்டி ஒன்றை வாங்கினார்கள். முக்கியமான காரணம் வீட்டுப் பாட்டி. வயது எழுபத்தெட்டு. தரையில் உட்கார முடியாது. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஆனால் நவக்கிரகக் கோவில்கள் ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் பிரயாணத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாட்டி மட்டும் முன் ஆசனத்தில் திரும்பி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாவது பிரயாணத்தில் ஒற்றைக்கால் மேசை ஆட்டம் கண்டு, சாம்பார் பாத்திரம் சாய்ந்தது. நல்ல வேளை, சாம்பார் ஆறியிருந்தது. மூன்றாவது பிரயாணத்துக்கு நாள் குறித்தபோது பாட்டி, “நீங்க போயிட்டு வாங்க. எனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?” என்று சொல்லிவிட்டார்.

வண்டியைக் கொடுத்தவரிடம் கேட்டதில், அதே அளவில் இன்னொரு மேசை தருவதாகச் சொன்னார். அதே அளவில் இன்னொன்று வந்து என்ன பயன்? கடைசியில் வழக்கமாக வீட்டுக்கு வேலை செய்யும் தச்சரைக் கூப்பிட்டார்கள்.

அவர் “எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்?” என்று கேட்கவில்லை. “யார் யார் சாப்பிட உட்காருவீங்க? அவங்களை வரச் சொல்லுங்கம்மா” என்றார்.

“எனக்காக ஒண்ணும் வேண்டாம்ப்பா. தட்டைக் கையில வெச்சுக்குவேன்” என்றார் பாட்டி.

“நீங்க சும்மா உட்காருங்க பாட்டி. உங்க முழங்கை எங்கே வருதுன்னு நான் பார்க்கணும்” என்றார் அவர்.

என் கட்சி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

முழங்கைக் கணக்கு

வீட்டு மேசை சாதாரணமாக 75 சென்டிமீட்டர் உயரம். நாற்காலி ஆசனம் 45. வித்தியாசம் 30. இதையே வண்டியிலும் வைத்துவிடுகிறார்கள். ஆனால் வண்டி பெஞ்சில் இருப்பது மெத்தை. உட்கார்ந்ததும் அது அமுங்குகிறது; ஆள் கீழே போகிறார்; மேசை மார்புக்கு ஏறி நிற்கிறது. குள்ளமானவர் தோளைத் தூக்கிக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். ஆகவே மெத்தை அமுங்கிய பிறகு அளவெடுக்க வேண்டும். தச்சர் அப்படித்தான் எடுத்தார். மேசை மூன்று சென்டிமீட்டர் இறங்கியது.

இறக்கினால் தொடைக்கு இடம் போதுமா? பலகைக்கு அடியில் கனமான சட்டம் போட்டால் போதாது. அதனால் அவர் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை எடுத்துக்கொண்டு, வளையாமல் இருக்க அடியில் மெல்லிய ரீப்பர் கட்டைகளை வைத்தார். அவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இருவருடைய தொடைகளுக்கு நடுவில் வருமாறு! இரவில் ஆள் படுக்கும் பாரத்தையும் அந்த ரீப்பர்கள்தான் தாங்குகின்றன.

எட்டாத இலைக்கும் வழி பிறந்தது. மேசை இடைவெளியின் அளவிலேயே இருக்கட்டும். பாட்டி உட்காரும் பக்கத்தில் மட்டும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அகலத்தில், சொருகிக் கழற்றும் துண்டுப் பலகை ஒன்று. சாப்பிடும்போது சொருகினால் மேசை பாட்டியிடம் வருகிறது. படுக்கும்போது கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் போட்டுவிடலாம். காலுக்குத் தரை எட்டாததால் ஒரு சிறு மணைக்கட்டையும் செய்து கொடுத்தார்.

எந்த விலைப்பட்டியலில் இந்தத் துண்டுப் பலகை கிடைக்கும்? எந்தத் தொழிற்சாலைக்குப் பாட்டியின் கால் நீளம் தெரியும்?

மரம், பசை, மஞ்சள்

செய்துகொள்ள நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியின் உட்சுவர் வீட்டுச் சுவர் போல நேராக இருக்காது, வளைந்திருக்கும். எனவே பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, சுவரோடு ஒட்டிப் பார்த்து, அது சரியாகப் பொருந்திய பிறகே பலகையில் ரம்பம் வைக்க வேண்டும். அட்டை கெட்டால் நஷ்டமில்லை. பலகை கெட்டால் நஷ்டம்.

கனம் அதிகம் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமும் 62 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையை 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தால் சுமார் ஏழரைக் கிலோ. 12 மில்லிமீட்டரில் சுமார் ஐந்து கிலோ. தினமும் இறக்கி ஏற்றுகிறவருக்குத்தான் அந்த இரண்டரைக் கிலோவின் அருமை தெரியும். தண்ணீர் படும் இடமாகையால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் நல்லது.

நம் ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் உள்ளே அடுப்பு போலச் சூடேறும். ஓரத்தில் பசையால் மட்டும் ஒட்டிய பட்டை நாளடைவில் பெயர்ந்துவிடும். தேக்கு ரீப்பரை வைத்துத் திருகாணி முடுக்குவதே நிலைக்கும். ஆணி அடிக்கக் கூடாது. வண்டி அதிர அதிர ஆணி கழன்று வரும். ஓரத்தை அரை சென்டிமீட்டர் மேடாக விட்டால் டம்ளர் உருண்டு விழாது. ஒரு பக்கம் மட்டும் மேடில்லாமல் விட்டால் துடைப்பது சுலபம். நடைபாதைப் பக்க மூலைகளை நன்றாக உருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பில் இடிபடாத ஆள் இருக்க மாட்டார். மேலே வெள்ளை மைக்கா ஒட்டினால் ஒரே மாதத்தில் மஞ்சள் கறை தெரியும். சற்றே மங்கிய மர நிறம் நம் சமையலுக்கு ஏற்றது.

ஆடுகிற ஒற்றைக்காலை விட்டுவிட்டு, ஒரு பக்கம் சுவரோடு இரும்புச் சட்டத்தில் மாட்டி, மறுபக்கம் மடக்குக் கால் வைப்பது உறுதி. இதற்கான கீலும் பூட்டும் தேடுகிறவர்கள், அண்ணா சாலையைத் தாண்டிப் புதுப்பேட்டைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வண்டி ஓடும்போது மேசை வேண்டாம். திடீரென்று பிரேக் போட்டால் மேசை ஓரம் வயிற்றைப் பதம் பார்க்கும். மேலே இருக்கும் பாத்திரம் பறக்கும். புறப்படும் முன் இறக்கிப் பூட்டிவிட்டு, எல்லோரும் ஆசன பெல்ட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். நிழல் கண்ட இடத்தில் நிறுத்திச் சாப்பிடுவதில் என்ன அவசரம்? மேசைப் பலகையை மாற்றுவதோடு நில்லாமல், ஆசனங்களையும் வண்டியின் உடலையும் மாற்ற நினைப்பவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

கூலியில் கஞ்சத்தனம்

இத்தகைய வேலைக்குக் கூலி பேசும்போது நம்மவர்கள் சதுர அடிக் கணக்கைக் கையில் எடுக்கிறார்கள். “ஏழு சதுர அடி கூட இல்லை, இதற்கு மூன்று நாள் கூலியா?” என்று கேட்கிறார்கள். அவர் விற்பது பலகையை அல்ல. வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்து, அட்டையை நாலு தடவை வெட்டிப் பார்த்து, பாட்டியின் முழங்கையைப் பார்த்து எடுத்த அளவைத்தான் விற்கிறார். அந்த அளவுக்குச் சதுர அடி விலை கிடையாது.

பெட்டியில் அடைத்து வரும் மேசைகள் மலிவாக இருக்கலாம். அவை யாருக்கும் குறிப்பாகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றையே நாம் வாங்கிக்கொண்டிருந்தால், அளவெடுத்துச் செய்யத் தெரிந்த கைகள் நாளைக்கு வேறு வேலை தேடிப் போய்விடும். பிறகு வேண்டும்போது கூப்பிட ஆள் இராது.

கேரவன் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஸ் கூண்டு கட்டுவதில் கரூர் பெயர் பெற்றது. ரயில் பெட்டி கட்டுவதில் பெரம்பூர் தொழிற்சாலை 1955-லிருந்து பெயர் பெற்றது. இவ்வளவு கைத்திறன் உள்ள நாட்டில், சாப்பாட்டு மேசைக்கு மட்டும் அயல்நாட்டு அளவு எதற்கு? ஒரு வண்டியைக் கட்டி முடித்ததும், அதில் ஒரு பாட்டியை உட்கார வைத்து, இலை போட்டு, சாதம் பரிமாறிப் பாருங்கள். அவர் மடியில் ஒரு பருக்கையும் சிந்தாமல் சாப்பிட்டு எழுந்தால், அந்த வண்டி தமிழ்நாட்டுக்கு ஏற்ற வண்டி. இல்லாவிட்டால் எத்தனை லட்சம் கொட்டினாலும் அது பாதி வண்டிதான்.

கோபாலபுரத்துப் பாட்டி இதுவரை திங்களூரும் ஆலங்குடியும் பார்த்துவிட்டார். இன்னும் ஏழு கோவில்கள் பாக்கி இருக்கின்றன.