புறாத்தீவின் முருகைக்கற்களை மிதிக்க விடலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்கு வான்களும் பஸ்களும் வரிசையாகப் புறப்படுகின்றன. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, பிறகு நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவு. அந்தத் தீவில் கண்முன்னே நடக்கும் அழிவை எவரும் தட்டிக்கேட்காததாலேயே இதை எழுதுகிறேன்.

புறாத்தீவு வெறும் குளிக்கும் இடமல்ல. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 1998இல் கடல்நீர் சூடேறி ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் வெளுத்து மடிந்தபோது, திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. அன்று வெப்பத்துக்குத் தப்பியதை இன்று மனிதக் கால்கள் நொறுக்குகின்றன.

சென்ற விடுமுறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கரையோரம் நீர் இடுப்பளவுதான். நீந்தத் தெரியாத பலர், உயிர்காப்பு அங்கியோடு இறங்கி, தடுமாறியதும் காலுக்கு அகப்பட்ட முருகைக்கல்லில் ஏறி நின்றார்கள். ஓர் இளைஞர் அதன்மேல் நின்று படமெடுத்தார். அவர் இறங்கியபோது மான்கொம்பு போன்ற கிளையொன்று முறிந்து மணலில் கிடந்தது. "செத்த கல்லுத்தானே, பயமில்லாம நில்லுங்க" என்று படகிலிருந்து ஒரு குரல். மணலில் பிள்ளைகள் முருகைத் துண்டுகளைப் பொறுக்கிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார்கள். பெரியவர்கள் தடுக்கவில்லை.

அது கல்லல்ல. நுண்ணிய உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. உருண்டையான முருகைக்கற்களில் பல ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே வளர்கின்றன. ஒரு நொடியில் உடைவது மீள ஒரு தலைமுறைகூட ஆகலாம். பேராதனைப் பூங்காவில் ஒரு பூவைப் பறிக்கத் தயங்கும் நாம், கடலுக்குள் இருக்கும் பூங்காவை மிதிக்க ஏன் தயங்குவதில்லை?

மலைநாட்டுக்காரருக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். நம் ஊரைச் சுற்றியோடும் மகாவலி கடலில் சேர்வதே திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில்தான். அங்கே போகும் கூட்டத்தில் நாமும் பெரும் பங்கு. பொறுப்பும் நமக்குண்டு.

படகோட்டிகளின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் தாண்டி வந்த மக்கள் அவர்கள். முருகைக்கல் அழிந்தால் மீன் போகும். மீன் போனால் பயணிகளும் வரமாட்டார்கள். முதலில் நட்டப்படப்போவது அவர்களே.

ஆகவே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் வேண்டுவது இதுதான். படகேறுமுன் ஒவ்வொரு குழுவுக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் ஐந்து நிமிட விளக்கம் கட்டாயமாக வேண்டும். நீந்தத் தெரியாதோர் இறங்கக்கூடிய மணற்பகுதியை மிதவை கட்டிப் பிரித்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் தீவில் எத்தனை பேர் என்ற வரம்பை எல்லோருக்கும் தெரியும்படி கரையில் எழுதிவைத்து, அதைக் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும். விடுமுறைக் காலத்தில் காவலர்கள் மணலில் மட்டுமன்றி நீருக்குள்ளும் நிற்க வேண்டும். முருகைக்கல்லை உடைப்போர், எடுத்துச் செல்வோர் மீது சட்டம் பாயவேண்டும்.

மத்திய மாகாண வலயக் கல்விப் பணிமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் புறாத்தீவு இருந்தால், புறப்படுமுன் மாணவருக்கு முருகைக்கல் பற்றி ஒரு பாடவேளை நடத்தப்பட்டதா என்று கேளுங்கள். நடத்தாத பாடசாலைக்கு அனுமதி கொடுக்காதீர்கள். இந்த ஓர் ஏற்பாட்டுக்கு ஒரு சதமும் செலவில்லை. அடுத்த விடுமுறைக்கு முன்பே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கட்டுகஸ்தோட்டை.