கூரையைத் திறந்தால் வெயில்

திருவேங்கடம் போன்ற கரிசல் ஊரில் கூரை திறக்கும் காரைப் புதிதாக வாங்குவது நமக்கு உடன்பாடில்லை. பழையதாக வாங்கினால் ஆட்சேபமில்லை.

ஆடி ஏ3 கேப்ரியோலே 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது டில்லி ஷோரூம் விலை 44.75 லட்சம் ரூபாய். அதன் துணிக்கூரை 18 நொடியில் மடங்கும், 50 கி.மீ. வேகம்வரை ஓட்டத்திலேயே திறக்கலாம். வெயிலுக்கு ஏங்கும் நாட்டாரின் ஆசை அது. நம் மரபிலோ நிழலே பெருமை. வெண்கொற்றக்குடை வேந்தனுக்கு உரியது. கூரையில்லாமல் இங்கே போகிறவர்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குட்டியானையின் பின்னால் நின்றபடி களையெடுக்கச் செல்லும் பெண்கள். (அவர்களிடம் இந்தக் காரின் விலையைச் சொல்லிப் பார்க்கலாம்!)

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் காற்று புழுதியை அள்ளிவரும். குற்றாலம் பக்கம் போனாலோ சாரல். மார்கழி, தை மாத விடியல்களும் சில அந்திப்பொழுதுகளும்தாம் மிச்சம். அந்தச் சில நாழிகை இன்பத்துக்கு, முதல் உடைமையாளர் விலைச்சரிவைச் சுமந்து கழித்த வண்டியே போதும். வாங்குவோர் எஞ்சினைக் கேட்குமுன் கூரையை நான்கைந்து முறை திறந்து மூடிப் பார்க்கட்டும். துணியையும் ரப்பர் விளிம்பையும் வெயில் தின்றிருக்கும். மடக்கும் பொறி பழுதானால் செலவு பெரிது. வீட்டில் நிழலான கொட்டகை இல்லாதவருக்கு இவ்வண்டி வேண்டாம்.