பிரிச்சா போதாது, ஓடணும்

எங்க தெர்மல் லேப்ல நுழைஞ்சதும் இடது பக்கம் ஒரு எஞ்சின் நிக்கும். பாதியா அறுத்து, சிவப்பு, நீலம், மஞ்சள்னு பெயின்ட் அடிச்சு வைச்சிருப்பாங்க. கைப்பிடியைச் சுத்தினா பிஸ்டன் மேலே போகும், கீழே வரும். மூணு வருஷத்துல நான் அதை எத்தனையோ தடவை சுத்தியிருக்கேன். வால்வ் டைமிங் டயகிராம் வரைஞ்சு ரெக்கார்டுல கையெழுத்தும் வாங்கியாச்சு. "கேஸ்கெட்டின் பயன் யாது?" என்ற ரெண்டு மார்க் கேள்விக்கு "கசிவைத் தடுத்தல்" என்று எழுதி, ரெண்டு மார்க்கும் வாங்கினவன் நான்.

அந்த ரெண்டு மார்க்கோட மதிப்பு போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டு வாசல்ல தெரிஞ்சது.

அப்பா மேட்டுப்பாளையத்துல இருந்து காரமடை, சிறுமுகை, அன்னூர் பக்கம் டீக்கடைகளுக்கு வர்க்கியும் ரஸ்க்கும் போடுறவர். வண்டி பழைய மாருதி 800. பின் சீட்டைக் கழட்டினா கடை, மாட்டினா குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டை மாட்டிக்கிட்டு நண்பர்களோட கோத்தகிரி ஏறினேன். ஏசி ஓடுது, பாட்டு ஓடுது, ரெண்டாவது கியர்ல வண்டி முனகுது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதை நான் பார்த்தேன். பார்க்கலைன்னு சொன்னா பொய். "மேலே போய்ப் பார்த்துக்கலாம்"னு மிதிச்சேன். ரெண்டு வளைவு தாண்டினதும் பானட்ல இருந்து ஆவி. ரேடியேட்டர் ஹோஸ்ல ஒரு சின்ன ஓட்டை, தண்ணி எப்பவோ போயிருச்சு. மறுநாள் ஆயில் மூடியைத் திறந்தா அடியில பால் காபி நுரை மாதிரி ஒட்டியிருக்கு. ஆயிலும் தண்ணியும் கலந்தாச்சு. ஹெட் கேஸ்கெட் போயிருச்சு.

ஒர்க்‌ஷாப்ல 14,000 ரூபாயும் ஒரு வாரமும் கேட்டாங்க. அப்பா என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்ணும் சொல்லாம மாமாவோட மொபெட்டை வாங்கி, ரெண்டே ரெண்டு ட்ரேயைக் கட்டிக்கிட்டு லைனுக்குப் போயிட்டார். எட்டு ட்ரே போற இடத்துல ரெண்டு. அதைப் பார்த்த பிறகுதான் "நானே பிரிச்சு மாட்டுறேங்கப்பா"னு சொன்னேன். இதுல வீரம் ஒண்ணும் இல்லை. குற்ற உணர்ச்சிதான்.

எங்க தெருமுனையில மெக்கானிக் அண்ணா ஒருத்தர் இருக்கார். எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவர். விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சார். "கழட்டறதுக்கு நீ போதும் தம்பி. மாட்டறப்போ ஒரு சத்தம் குடு" என்றார். நான் சொல்ல வந்த கருத்து முழுக்க இந்த ஒரு வரிக்குள்ள இருக்கு. அப்போ எனக்கு அது புரியலை.

கழட்டினது ஒரே நாள். அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை. சொல்லணும்னா என் தங்கச்சியைப் பத்திச் சொல்லணும். பிளஸ் டூ பயாலஜி குரூப். நான் போல்ட்டை எல்லாம் ஒரே எவர்சில்வர் தட்டுல போட்டதைப் பார்த்துட்டு, ஒரு ரஸ்க் அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, ஹெட் படத்தை அதுல வரைஞ்சு, எந்தப் போல்ட் எங்க இருந்து வந்ததோ அதே இடத்துல ஓட்டை போட்டுக் குத்தி வைச்சா. "தவளையை அறுக்கிறப்போ உறுப்பை இப்படித்தான் பின் பண்ணணும்"னு விளக்கம் வேற. அந்த அட்டை இல்லைன்னா இந்தக் கட்டுரையே கிடையாது.

ஹெட்டைப் புரட்டி, மேல நேர்ச்சட்டத்தை வைச்சு, அடியில ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். இந்த மாதிரி சின்ன எஞ்சினுக்கு 0.05 மி.மீ. கோணல் வரைக்கும்தான் அனுமதி. நடுவுல 0.15 தகடு தாராளமா உள்ளே போச்சு. ஏன்னு யோசிச்சப்போதான் மெட்டீரியல் சயின்ஸ் வகுப்பு ஞாபகம் வந்தது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டுல அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு நீளும். ஒரு அடி நீள ஹெட்டுக்கு 30 டிகிரியில இருந்து 100 டிகிரி வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க: ரெண்டுக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். தினமும் வண்டி சூடாகி ஆறும்போதெல்லாம் அந்தக் கால் மில்லிமீட்டர் உரசலைத் தாங்கிக்கிட்டு நடுவுல படுத்திருக்கிறது கேஸ்கெட். நான் சிவப்பு முள்ளைத் தாண்டி மிதிச்சப்போ அலுமினியம் இன்னும் நீளப் பார்த்தது, போல்ட் விடலை. அழுத்தம் தாங்காம வளைஞ்சது, ஆறின பிறகும் பழைய நிலைக்குத் திரும்பலை. தெர்மல் ஸ்ட்ரெஸ்னு 13 மார்க்குக்கு எழுதியிருக்கேன். அது எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கும்னு நினைச்சதில்லை.

ஹெட்டை ஃபேஸிங் பண்ண கோவை கணபதிக்கு எடுத்துட்டுப் போகணும். பழைய லுங்கியில சுத்தி மடியில வைச்சுக்கிட்டு பஸ்ல போனேன். கண்டக்டர் "என்னப்பா அது, குழந்தையா?"னு கேட்டார். இங்கே ஒண்ணு சொல்லணும். வீட்டுல எல்லாமே பண்ணலாம்னு யூடியூப்ல காட்டுறாங்களே, கண்ணாடி மேல உப்புத்தாள் ஒட்டி ஹெட்டைத் தேய்க்கிறது, அதை நம்பாதீங்க. கை அழுத்துற பக்கம் அதிகமா தேயும். சமதளம் வேணும்னா மெஷின்தான். எது நம்ம கையில ஆகும், எது ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கிறதும் படிப்புதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேஸ்கெட்டை வைக்கப் போறேன், வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த அண்ணா கேட்டார்: "போல்ட் குழியில தண்ணி இருக்கான்னு பார்த்தியா?"

பார்க்கலை. டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டு குழியில கூலிங் தண்ணியும் ஆயிலும் தேங்கி நிக்குது. அடி மூடின குழி அது. அப்படியே போல்ட்டை முடுக்கியிருந்தா, கீழே போக வழியில்லாத தண்ணி அமுங்காம, பிளாக்கையே விரிசல் விட வைச்சிருக்கும். திரவம் அமுங்காது என்பதும் பாஸ்கல் விதியும் எனக்குப் பாடம். அந்த மெக்கானிக் அண்ணாவுக்கு அது எப்பவோ உடைஞ்ச ஒரு பிளாக். ரெண்டு பேருக்கும் ஒரே விதி தெரியும், ஆனா குழியைப் பார்க்கத் தோணினது அவருக்குத்தான். துணியை ஸ்க்ரூடிரைவர்ல சுத்தி எல்லாக் குழியையும் துடைச்சேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

அடுத்தது டார்க். இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா எனக்குப் பிடிச்ச இடம் இது. இந்த எஞ்சினோட சிலிண்டர் 68.5 மி.மீ. அகலம். எரியிறப்போ உள்ளே 40 பார் அழுத்தம்னு வைச்சுக்கிட்டா, ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை மேலே தள்ளுற விசை கிட்டத்தட்ட ஒன்றரை டன். இதே மாதிரி ரெண்டு காரோட எடை. 3,000 ஆர்பிஎம்-ல ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 தடவை அப்படித் தள்ளும். அதை எதிர்த்துப் பிடிக்கிறது போல்ட்டோட முறுக்கு இல்லை, முறுக்கினதால போல்ட் ஒரு துளி நீண்டு, ஸ்பிரிங் மாதிரி திரும்ப இழுக்கிறதே, அந்த இழுவைதான். நாம கொடுக்கிற டார்க்ல ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் போகுது. மீதி எல்லாம் போல்ட் தலைக்கு அடியிலயும் மரையிலயும் உராய்வாவே போயிடுது. அப்படின்னா மரையில கொஞ்சம் துரு இருந்தாலும், டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், ஆனா போல்ட் பிடிக்காது. சுத்தம் பண்ணுறதுன்னா அழகுக்கு இல்லைன்னு அப்பத்தான் உறைச்சது.

டார்க் ரெஞ்ச் எங்க லேப்ல ஒண்ணு இருக்கு. கண்ணாடி பீரோவுக்குள்ள, பூட்டுக்குள்ள. உடைஞ்சிடுமாம். அண்ணாதான் தன்னோடதைக் கொடுத்தார். ஒரு ஆசைக்கு, நாலு போல்ட்டை முதல்ல கை உணர்ச்சியில ஒரே மாதிரி இறுக்கிட்டு, பிறகு ரெஞ்ச் வைச்சுப் பார்த்தேன். நாலும் நாலு விதம். உடனே தளர்த்திட்டு, மேனுவல்ல சொன்ன மாதிரி நடுவுல ஆரம்பிச்சு வெளியே போற வரிசையில, மூணு தவணையா ஏத்தினேன். ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல மேடு மாட்டிக்கும். பாய் விரிக்கிறப்போ நடுவுல இருந்து தடவி விடுவோமே, அதேதான்.

டைமிங் பெல்ட் போட்டேன், குறியைப் பார்த்தேன், கவரை மூடினேன். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியா இருந்தது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு"னு எப்பவோ யாரோ கழட்டியிருக்காங்க. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டேன். கலங்கின ஆயிலைக் கொட்டிட்டுப் புது ஆயில், ஃபில்டர், குழாய்த் தண்ணிக்குப் பதிலா கூலண்ட். சாவியைத் திருப்பினா, வண்டி பிடிச்சிருச்சு! தங்கச்சி கை தட்டினா. அப்பா தட்டலை. தலையைச் சாய்ச்சு ஒரு நிமிஷம் கேட்டார்.

"இது நம்ம வண்டிச் சத்தம் இல்லடா கண்ணு."

எனக்குக் கோபம். ஓடுதே, அப்புறம் என்ன? ஆனா ஆக்சிலரேட்டரை மிதிச்சா இழுக்க மாட்டேங்குது, ஐடில்ல நடுங்குது. மறுநாள் திரும்பக் கவரைக் கழட்டினா, கேம் புல்லியில ஒரு பல் தள்ளி இருக்கு. பெல்ட் போட்டதும் கிராங்கைக் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்தி, குறி ரெண்டும் திரும்பச் சேருதான்னு பார்க்கணும், ஏன்னா கிராங்க் ரெண்டு சுத்தினாத்தான் கேம் ஒண்ணு சுத்தும். இதே வால்வ் டைமிங்கை ரெக்கார்டுல கலர் பென்சில்ல வரைஞ்சவன் நான். அந்த ரெண்டு சுத்தை மட்டும் சோம்பேறித்தனமா விட்டுட்டேன். பல்லைச் சரி பண்ணி, ரெண்டு சுத்து சுத்தி, மூடினேன். அப்பா மறுபடி தலையைச் சாய்ச்சார். போய் ட்ரேயை எடுத்துட்டு வந்தார். செலவு எல்லாம் சேர்த்து 5,000-க்குள்ள முடிஞ்சது, ஆனா ஒன்பது நாள் ஆச்சு. ஒர்க்‌ஷாப் கேட்டதைவிட ரெண்டு நாள் அதிகம்.

இப்போ லேப்புக்கு வர்றேன். ஆட்டோமொபைல் டிபார்ட்மென்ட்ல "டிஸ்மான்ட்லிங் அண்ட் அசெம்பிளிங்"னு பயிற்சி இருக்கு, தெரியும். அங்கே படிக்கிற நண்பனைக் கேட்டேன். "பிரிப்போம், அளப்போம், திரும்ப மாட்டுவோம். ரெண்டு போல்ட் மிஞ்சும், பாக்கெட்ல போட்டுக்குவோம்" என்றான். ஏன் பாக்கெட்ல போட முடியுது? அந்த எஞ்சின் ஓட வேண்டியதில்லை. ஆயில் கிடையாது, பெட்ரோல் கிடையாது, அதை நம்பிக் காத்திருக்கிறவங்க யாரும் கிடையாது. தப்பா மாட்டினாலும் சரியா மாட்டினாலும் அது ஒரே மாதிரி சும்மா நிக்கும். சரிக்கும் தப்புக்கும் வித்தியாசம் காட்டாத ஒரு பொருள்ல என்ன கத்துக்க முடியும்?

என் கோரிக்கை சின்னது. அறுத்த எஞ்சினைத் தூக்கிப் போடச் சொல்லலை, முதல் வருஷத்துக்கு அது வேணும். மூணாவது வருஷத்துல, ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு, ஓடுற நிலையில ஒரு பழைய எஞ்சின் கொடுங்க. உக்கடம் பழைய சாமான் கடைகள்ல கிடைக்கும். பிரிச்சு, அளந்து, மாட்டி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். அடுத்த குழுவுக்கு அதையே ஓடுற நிலையில ஒப்படைக்கணும். ஸ்டார்ட் ஆகலைன்னா பூஜ்யம் போட வேண்டாம், ஏன் ஆகலைன்னு கண்டுபிடிச்சு எழுதினா அதுக்குத்தான் அதிக மார்க் கொடுக்கணும்.

இதைச் சொன்னதும் ஒரு சீனியர் கேட்டார்: "நாம டிசைன் இன்ஜினியர் ஆகப் போறோம், ஸ்பேனர் பிடிக்கவா நாலு வருஷம் படிக்கிறோம்?" ஸ்பேனர் உள்ளே நுழையாத இடத்துல போல்ட்டை வைச்சு டிசைன் பண்றவங்க எல்லாம் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாங்கன்னு, எங்க வண்டியோட பின்பக்கப் போல்ட் ஒண்ணைக் கழட்ட நாற்பது நிமிஷம் போராடினவன் என்ற முறையில சொல்றேன். ஒரு மேடம் கேட்டது இதைவிட நியாயமான கேள்வி: அறுபது பேருக்கு ஒரு லேப், வாரத்துக்கு ஒரு நாள், பெட்ரோல் நெருப்பு ஆபத்து வேற. உண்மைதான். எல்லாரும் எல்லா எக்ஸ்பெரிமென்ட்டும் பண்ணணும் என்ற கணக்கைக் கொஞ்சம் தளர்த்தினாத்தான் இது நடக்கும். நாம பண்ற எக்ஸ்பெரிமென்ட்ல பாதி, முந்தின பேட்ச் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் போடுறதுதானே. அது மேடத்துக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி, தார்ப்பாய்க்கு அடியில ஒரு மூணு சிலிண்டர் எஞ்சின் கிடக்கு. யாரோ தானமா கொடுத்ததாம். கிராங்கைச் சுத்திப் பார்த்தேன், சுத்துது. எங்க கிளாஸ்ல 23 பேர் கையெழுத்துப் போட்டு டிபார்ட்மென்ட்ல ஒரு கடிதம் கொடுத்திருக்கோம். பணம் கேட்கலை. அந்த எஞ்சினையும் பீரோ சாவியையும் ஒரு மாசத்துக்குக் கேட்டிருக்கோம்.

பதில் இன்னும் வரலை. அட்டைப்பெட்டி மட்டும் தங்கச்சி இப்பவே எடுத்து வைச்சுட்டா.