மின்தடையும் மாணவர் ஆராய்ச்சியும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியைத் தீண்டியதால் விளைந்த கேடு அஃதென மின்சக்தி அமைச்சர் கூறினார். நாடு நகைத்தது, நானும் நகைத்தேன். சுந்தர காண்டத்தை ஆண்டுதோறும் பாடஞ் சொல்லிவரும் ஒருவன், குரங்கால் இலங்கை இருண்டதென்று கேட்டால் வேறென்ன செய்வான்?

அன்று மாலை என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். சிறு வயதில் என்னிடம் நன்னூல் கேட்டவள். பின்னர் பொறியியற் பீடமொன்றிற் சேர்ந்து மின்பொறியியல் கற்பவள். "ஐயா, குரங்கு தொட்டது ஓரிடத்தை. நாடு முழுவதும் ஏன் அணைந்ததென்று ஒருவருங் கேட்கக் காணோமே" என்றாள். என் நகைப்பு அவ்வளவில் அடங்கிற்று.

அவள் விளக்கியதை நான் விளங்கிக்கொண்டவாறு கூறுகிறேன். அனல் நிலையத்திலும் நீர் நிலையத்திலும் உள்ள மின்பிறப்பாக்கிகள் பாரமான சக்கரங்களை உடையவை. அவை யாவும் ஒன்றோடொன்று பிணைபட்டு, செக்கனுக்கு 50 அலைவு என்னும் மீடிறனைக் காத்துச் சுழல்கின்றன. ஒரு நிலையம் திடீரென விலகினால் எஞ்சிய சக்கரங்களின் வேகம் தளரும். குயவனுடைய திகிரியைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். கனத்த திகிரி கையை எடுத்த பின்னும் நெடுநேரம் சுழலும். இலேசான திகிரி உடனே தளர்ந்துவிடும். அக்கனத்தின் குணத்தையே நம் பாடநூல்கள் சடத்துவம் என்கின்றன. கூரைமேற் பதித்த சூரியத் தகட்டுக்குச் சக்கரம் இல்லை. ஆதலின் அது தரும் மின்னோடு சடத்துவம் வருவதில்லை. விடுமுறை நாளின் நண்பகலில் மின்தேவை குறைவு, வெயில் மிகுதி. அவ்வேளையிற் சுழலும் சக்கரங்கள் சிலவே. மின்சார சபையும் பின்னர் இவ்வாறே விளக்கிற்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே பகல் வேளையிற் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு வீட்டுக்காரரை அது வேண்டிக்கொண்டமை வாசகர் நினைவில் இருக்கும்.

இவ்வாறு நாடு முழுதும் இருண்டது அதுவே முதன்முறையன்று. 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9 ஆகிய நாட்களிலும் இருண்டது. இத்தகைய கேட்டை மெய்யான மின்தொகுதியில் வரவழைத்துச் சோதித்தல் இயலுமா? இயலாது. ஆகவே அறிஞர் கணினியில் அதற்கோர் ஒப்புருவை அமைத்து, அதனை இயக்கியும் குலைத்தும் பார்க்கின்றனர். ஆங்கிலத்தில் 'சிமுலேஷன்' எனப்படும் இதற்குப் 'பாவனை' என்று பெயரிடலாமே என்று ஒருவர் என்னைக் கேட்டார். பொருளளவில் அது தக்க சொல்லே. ஆயினும் நம் நாட்டிற் 'பாவனை' என்றால் உபயோகம் என்றே எல்லாரும் கொள்வர். 'மின்பாவனை' என்று மின்பட்டியலிலேயே படித்துப் பழகியவர்களுக்கு அது மயக்கந் தரும். 'ஒப்பியக்கம்' என்று இக்கட்டுரையில் வழங்குகிறேன். சிறந்த சொல் கண்டோர் எழுதுக.

ஒப்புரு என்பது பொறியியலார்க்கே உரிய புதுமையென்று நம் இலக்கிய அன்பர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. உவமை தொழிலாலும் பயனாலும் வடிவாலும் நிறத்தாலும் அமையும் என்பது தொல்காப்பியங் கற்றார் அறிந்ததே. கட்டுப்பாட்டியலார் அமைப்பது தொழிலுவமை. பொருளும் உவமையும் தோற்றத்தால் ஒவ்வாவிடினும் நடத்தையால் ஒத்தல் வேண்டும். வகையீட்டுச் சமன்பாடு நான்கைந்து, கணினித் திரையில் ஒரு வளைகோடு. அக்கோடு மின்தொகுதி விழுமாறே விழுதல் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுமென்பார்க்கு மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததொன்றைச் சொல்வேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வன்னவார் புஷ் என்பவர் சமன்பாடுகளைத் தீர்க்கும் பெரியதோர் இயந்திரத்தை ஆக்கியிருந்தார். அதனைக் கண்டுவந்த பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீ, 1934இல் ஆதர் போர்ட்டர் என்னும் தம் மாணவரைக்கொண்டு, சிறுவர் விளையாடும் 'மெக்கானோ' துண்டுகளாலேயே அதற்கொரு சிறிய வடிவம் ஆக்கினார். செலவு ஏறக்குறைய 20 பவுண். விளையாட்டுப் பொருளாற் செய்த அது அணுவின் அமைப்பைப் பற்றிய மெய்யான கணக்குகளைத் தீர்த்தது. அதன் வெற்றியைக் கண்டபின்னரே முழு அளவான இயந்திரத்துக்குக் கொடையாளர் பொருள் உதவினார். போர்ட்டர் பிற்காலத்திற் கட்டுப்பாட்டியலிற் பெயர்பெற்ற அறிஞரானார். கருவி பெரிதாயிருந்ததனாலன்று, மெய்யான கணக்கொன்றை ஆசிரியர் மாணவன் கையில் நம்பிக் கொடுத்ததனால் நிகழ்ந்தது இது.

இன்று மெக்கானோவும் வேண்டியதில்லை. விலை மிகுந்த 'மற்லாப்' மென்பொருளுங்கூட, கிளீவ் மோலர் என்னும் பேராசிரியர் தம் மாணவர் வருத்தமின்றிக் கணக்குச் செய்தற்பொருட்டு எழுதியதாகவே தொடங்கிற்று. ஏறக்குறைய அதே பணியைச் செய்யும் 'ஒக்டேவ்', 'சைலாப்', 'ஓபன் மொடலிக்கா' முதலியன விலையின்றிக் கிடைக்கின்றன. 'ஒக்டேவ்' என்பது இசையின் எட்டாஞ்சுரமன்று. அதனை ஆக்கியவருடைய ஆசிரியரின் பெயர் என்று மாணவி கூறக் கேட்டு, ஆசிரியனாகிய யான் மகிழ்ந்தேன்.

இனி மனவருத்தத்துக்குரிய பகுதி. இறுதியாண்டு ஆராய்ச்சிக்கு இவள் நம் நாட்டு மின்தொகுதியையே எடுக்க விரும்பினாள். அதற்கு ஒவ்வொரு மின்பிறப்பாக்கியின் சடத்துவ எண்ணும், வேகச் சீராக்கியின் இயல்பும், மின்தடை நாளிற் பதிவான மீடிறனும் தேவை. உரிய அலுவலகமொன்றுக்கு மூன்று கடிதம் எழுதினாள். தமிழிலொன்று, ஆங்கிலத்தில் இரண்டு. மறுமொழி வரவில்லை. நாள் நெருங்கவே, மேற்பார்வையாளர் சொற்படி, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துத் தொகுதியை வைத்து எழுதி முடித்தாள். 39 சந்திகளும் 10 பிறப்பாக்கிகளுங் கொண்ட அவ்வொப்புரு உலகெங்கும் மாணவர் பயில்வது. பயில்வதிற் குற்றமில்லை. ஆயினும் தன் வீட்டு விளக்கு அணைந்த காரணத்தை அறியப் புறப்பட்டவள், தான் காணாத நாட்டு விளக்குக்குக் காரணங் கண்டு பட்டம் பெறுகிறாள்.

பாதுகாப்புக் கருதி மறைக்கின்றனர் என்று சிலர் கூறக்கூடும். ஓரளவு நியாயமே. நிலையங்களின் பெயரை நீக்கி எண்களை மட்டும் தரலாமே! பெரிய பிரித்தானியாவின் மின்தொகுதியை இயக்குவோர் தம் மீடிறனைச் செக்கனுக்குச் செக்கன் பதிவுசெய்து எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிடுகின்றனர். அத்தரவைக்கொண்டு உலகில் எந்த மாணவனும் ஆராயலாம். யாழ்ப்பாணத்து மாணவனும் ஆராயலாம், பிரித்தானியாவைப் பற்றி.

தரவு இல்லாவிடின் ஊகம் அரசாளும். 2025 ஏப்பிரல் 28இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோது, அங்கும் சூரிய மின்னும் சடத்துவக் குறைவுமே குற்றவாளிகள் என்று பலர் உடனே தீர்ப்பளித்தனர். ஐரோப்பிய வல்லுநர் குழு பதிவுகளை ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது: வோல்ற்றளவு கட்டுமீறி உயர, அதனால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் விலகியிருந்தன. நம் கூரைத் தகடுகள்மேற் சுமத்திய பழி எவ்வளவுக்கு மெய் என்பதைப் பதிவுகளைப் பாராமல் யார் துணிந்து சொல்வார்? திகிரி உவமையை மேலே அவ்வளவு விரும்பி எடுத்தாண்ட நானும் சொல்லேன்.

பெருந்தொகுதி கிட்டாவிடிற் சிறுதொகுதியைத் தொடலாம். எழுவைதீவிலே சூரியனும் காற்றும் மின்கலமும் டீசலும் சேர்ந்த மின்தொகுதி ஒன்று அமைக்கப்பட்டது. தேசியத் தொகுதியோடு இணையாத சிறு தீவு. மாணவர் இருவர் ஓராண்டில் அதன் ஒப்புருவை அமைத்துவிடலாம். முகில் ஒன்று கடந்தால் மீடிறன் எவ்வளவு அசையும், மின்கலம் எத்தனை செக்கனில் ஈடுசெய்யும் என்பன மெய்யான வினாக்கள். படகேறிப் போய்க் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவே.

சென்ற மாதம் மாணவி மீண்டும் வந்தாள். கையில் ஒரு தடித்த கொப்பி. மீடிறன் நாடு முழுவதற்கும் ஒன்றேயாதலால், அதனை அறிய எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டாமென்பது பிந்தியே தனக்கு உறைத்ததாம். வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியில் சிறு மின்மாற்றி ஒன்றையும், சில ஆயிரம் ரூபாய் விலையான ஒரு மின்னணுப் பலகையையும் பொருத்தி, இரவும் பகலும் மீடிறனைப் பதிந்துவருகிறாள். நுரைச்சோலையில் 300 மெகாவற்று அலகு ஒன்று திடீரென விலகுமாயின், அக்கணத்தில் மீடிறன் விழும் சரிவை அளந்து, நாட்டின் முழுச் சடத்துவத்தையும் ஏறக்குறையக் கணித்துவிடலாமாம். கடிதத்திற் கேட்டுப் பெறாத எண்ணை இவ்வாறு பெறப் பார்க்கிறாள்.

"அப்படியானால் அலகு விலக வேண்டுமென்று நேர்த்தி வைத்திருக்கிறாயோ?" என்றேன்.

"அது தானாகவே விலகும், ஐயா. நான் விழித்திருந்தாற் போதும்" என்று சொல்லி, நான் பிழைதிருத்துவதற்கென்று தமிழில் எழுதிய பன்னிரண்டு பக்கங்களை மேசைமேல் வைத்தாள். 'சிமுலேஷன்' வந்த இடங்களையெல்லாம் வெறுமையாக விட்டிருக்கிறாள்.