தாய்லாந்துக்காரருக்குக் கிடைக்கிற கீபோர்டு நமக்கு ஏன் இல்லை?

 

பாங்காக்கில் லேப்டாப் வாங்கினால் விசைகளில் தாய் எழுத்து இருக்கும். ரியாத்தில் அரபி, மாஸ்கோவில் ரஷ்யன். அதே கம்பெனி லேப்டாப்பைச் சேலத்தில் வாங்கினால் வெறும் ஆங்கிலம். கொட்டச்சேட்டில் காபி பழம் பறிக்கிறவர் மகள் கைக்கு வருவதும் அதுதான்.

"சின்ன மார்க்கெட் சார், கட்டுப்படியாகாது" என்கிறார்கள். தாய்லாந்தின் மக்கள்தொகை சுமார் 7 கோடி. தமிழ்நாட்டிலும் அதற்குக் குறைவில்லை. 2010இல் ரூபாய்க்குக் குறியீடு வந்தது. சில வருடங்களில் இங்கே விற்கிற பல லேப்டாப்களில் 4ஆம் விசையில் அது ஏறிவிட்டது. ஆக, அச்சடிக்கத் தெரியாமல் இல்லை. கேட்க ஆள் இல்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 இருக்கிறது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். விண்டோஸுக்குள்ளேயே இது இருக்கிறது. விசை மேல் எழுத்துதான் இல்லை.

"ஆங்கிலத்தில் அடித்தாலே தமிழாக மாறுகிறதே" என்பீர்கள். தமிழைப் பிழையில்லாமல் படித்து முடித்த உங்களுக்கு அது சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு? ந, ன, ண மூன்றும் அங்கே ஒரே எழுத்து. எந்த 'ன' என்று யோசிக்காமல், திரையில் முதலில் வருவதைத் தொட்டுவிட்டுப் போகிறது. எழுத்துப் பிழை அங்கேதான் வேர் விடுகிறது. பேசினால் எழுதும் வசதிக்குப் பெரும்பாலும் நெட் வேண்டும். எங்கள் எஸ்டேட்டுகளில் சிக்னலைத் தேடி மேடேற வேண்டும்.

2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அரசு கேட்டது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் சொன்னால் கம்பெனி கேட்கும். இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் தமிழ்99 எழுத்து பொறித்த கீபோர்டு கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

நீங்களும் கடைக்குப் போனால், "தமிழ் எழுத்துப் போட்ட கீபோர்டு இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்பார். பரவாயில்லை, கேளுங்கள். கேட்காத பொருளை எந்தக் கடைக்காரரும் வாங்கி வைக்கமாட்டார்.